பயணம் குறைவான பகுதி

மும்பைக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அக்காதான். மதுரையில் நகர ஊரமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். மாநகராட்சி, அதைச் சுற்றியிருக்கும் நகராட்சிகள், ஊராட்சிகள் எல்லாவற்றையும் ஒரே வட்டாரமாக வைத்து, பஸ், ரயில், சாலை மூன்றையும் சேர்த்துத் திட்டமிட ஓர் ஆணையம் வேண்டும் என்று எங்கள் பக்கம் கொஞ்ச காலமாகப் பேச்சு. மும்பையில் அப்படி ஒன்று நெடுநாளாக இருக்கிறது, மூன்று நாள் பயிலரங்கு நடத்துகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்கள்.

அக்கா செல்லத்தாய், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து கல்யாணமாகித் தாராவிக்குப் போனவள். அத்தான் பொன்னுசாமி அங்கே பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். ஒரே மகள், கவிதா. சில வருடங்களுக்கு முன் அத்தானின் சிறுநீரகங்கள் கெட்டுப்போயின. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். "பரவாயில்லலே, சயன் ஆஸ்பத்திரி நடக்கிற தூரந்தான். அவியளே மெல்ல நடந்து போயிட்டு வாராவ" என்று அப்போது அக்கா போனில் சொன்னாள். அது நடந்து சில மாதங்களில் ஒரு சாலையை அகலமாக்கும் திட்டத்துக்குள் அவர்கள் வீடு வந்தது. மாற்று வீடு, செம்பூரைத் தாண்டி டிராம்பே போகிற வழியில், எண்ணெய் ஆலைகளின் மதிலுக்குப் பின்னால் கிடைத்தது.

எனக்கு மாட்டுங்காவில் ஒரு விடுதியில் அறை. புதன்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பூக்கடைகளைத் தாண்டிப் போனால் ஒரு சாப்பாட்டுக் கடையில் இட்லியும் டபரா காபியும். மதுரை இட்லியைவிடக் கொஞ்சம் கெட்டி, சாம்பாரில் லேசாக இனிப்பு. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நான் தமிழ்ப் பேப்பரை மடிப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். பாலக்காட்டுக் குடும்பம், ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"மாட்டுங்காவுல பொறந்தவனுக்கு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கவலையே கிடையாது, கேட்டேளா. இந்தண்டை ஒரு ஸ்டேஷன், அந்தண்டை ஒரு ஸ்டேஷன். எது முதல்ல வரதோ அதுல ஏறிண்டு போயிடலாம்" என்றார். என் அக்கா டிராம்பே பக்கம் இருக்கிறாள் என்றேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே, "அடடா, அங்க ரயில் கிடையாதே" என்றார். ஏதோ வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டவரைப் போல.

பயிலரங்கு நடந்த கட்டடம் முழுக்கக் கண்ணாடி. குளிரில் கை விறைத்தது. வகுப்பெடுத்தவர் தேஷ்பாண்டே மேடம். ஆணையத்தில் போக்குவரத்துத் திட்டப் பிரிவில் மூத்தவர். பருத்திப் புடவையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக வந்தார். பேச ஆரம்பித்ததும் நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"மும்பை என்று நீங்கள் நினைப்பது ஒரு மாநகராட்சி. தானே இன்னொன்று. நவி மும்பை இன்னொன்று. டோம்பிவிலியில் குடியிருக்கிற ஒருவர் ஐரோலியில் வேலை செய்கிறார், அம்மாவைப் பார்க்க சயனுக்குப் போகிறார். ஒரே நாளில் எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறார் என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு நிர்வாகமும் தன் எல்லைக்குள் அவரை ஒரு துண்டாகத்தான் பார்க்கிறது. அவரை முழு ஆளாகப் பார்க்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் வட்டார ஆணையம்."

நான் அதை நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். மதுரையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறவர் ரயில் நிலையத்துக்குப் போக இன்னொரு பஸ்ஸைத் தேடி அலைவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு, இப்படிச் சொல்கிற ஒருவர் கிடைப்பது பெரிய விஷயம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். சயனில் பஸ் ஏறி, செம்பூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு மழையில் நின்றேன். வந்த முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதில் படியில் கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது. "உள்ளே போங்கள், உள்ளே போங்கள்" என்று கண்டக்டர் மராத்தியில் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த ஒரு பெண்மணி, "உள்ளே என்றால் எங்கே, டிரைவர் மடியிலா?" என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. நாக்கா என்று சொல்கிற நாற்சந்தியில் இறங்கினால், அங்கிருந்து காலனி வரை பஸ் கிடையாது. ஆலை மதிலை ஒட்டி ஷேர் ஆட்டோ போகிறது. நான்கு பேர் நிரம்பினால்தான் நகரும். சாலையில் டேங்கர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. காற்றில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

காலனி, நெருக்கமாக நிற்கிற உயரமான கட்டடங்கள். ஒன்றின் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் மற்றதன் ஜன்னலைத் தொடலாம் போலிருந்தது. லிஃப்ட் வேலை செய்தது. அதற்கு அக்கா சாமிக்கு நன்றி சொன்னாள்.

"வந்துட்டியால? இப்படியா நனைவே? மொதல்ல தலையத் துவட்டு."

அத்தான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கையில், டயாலிசிஸ் ஊசி போடுகிற இடத்தில், நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. "வாங்க மாப்ளே. நம்ம பில்டிங் எப்படி? தாராவியில ஒத்த ரூம் கோலி, இங்க பாத்தியளா, டைல்ஸ் போட்ட பாத்ரூம்" என்றார். கேலியா, உண்மையாகச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஒரே அறையில், வெளியே வரிசையில் நின்று கழிப்பறைக்குப் போய்க் குடும்பம் நடத்தியவர் அவர். இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

அக்கா தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தாள். அத்தானுக்கு அது ஆகாது. உப்பில்லாத சோறும் வேகவைத்துத் தண்ணீரை இறுத்த காயும் தட்டில் வைத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. சின்ன டம்ளரில் வாயை நனைத்துவிட்டு மூடி வைத்தார்.

கவிதா வந்து சேர்ந்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பையை வைத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்து, அம்மாவிடம் இந்தியில் என்னவோ சொன்னாள். நாளை ஆஸ்பத்திரி நாள், கூட்டிப்போக வேண்டியவள் அவள், ஆனால் மேனேஜர் இனிமேல் காலையில் தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அக்காவும் போக முடியாது. செம்பூரில் இரண்டு வீடுகளில் சமையல். காலை வேளைதான் வேலையே.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். பயிலரங்கில் மத்தியானம் சேர்ந்துகொள்ளலாம்.

"வேண்டாம் மாமா, உங்களுக்கு வழி தெரியாது" என்றாள் கவிதா.

"வழி எனக்குத் தெரியும்ல. மாமா சும்மா என் கையப் பிடிச்சிட்டு வந்தாப் போதும்" என்றார் அத்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஆஸ்பத்திரியில் அவருக்குக் காலை முதல் ஷிப்ட். அது தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தால் இயந்திரம் கிடைக்கும். தவறினால் அது வேறொருவருக்குப் போய்விடும். ஷேர் ஆட்டோவில் மூன்று பேர்தான் சேர்ந்தார்கள். நான்காவது ஆளுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் நான்காவது ஆளுக்கும் நானே கொடுக்கிறேன் என்று சொல்லிக் கிளப்பினேன். நாக்காவில் பஸ் வந்தது, படி உயரம். அத்தான் ஒரு காலை வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பின்னாலிருந்து ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டார். "ஷுக்ரியா பாய்" என்றார் அத்தான், திரும்பிப் பார்க்காமலே.

அங்கேயிருந்து செம்பூர் வரை எறும்புபோல ஊர்ந்தது. மழைத் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் ஒரு லாரி அச்சு முறிந்து நின்றுவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் மணி பார்த்தார்கள், அத்தான் மட்டும் பார்க்கவில்லை. ரயிலில் போகலாமே என்று எனக்குத் தோன்றியது. செம்பூரில் ஏறி, குர்லாவில் மாற வேண்டும். "குர்லா பாலத்துல ஏறினா எனக்கு அங்கனயே முடிஞ்சிரும் மாப்ளே" என்றார். அவர் சொன்ன தோரணையில், அதை அவர்கள் முன்பே முயன்று பார்த்துவிட்டார்கள் என்று புரிந்தது.

சயனை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "நம்ம கோலி இங்கனதான்." நான் பார்த்தபோது அகலமான சாலை, நடுவில் செடி வைத்த தடுப்பு, ஒரு சிக்னல். பச்சை விழுந்திருந்தது. பஸ் நிற்காமல் கடந்தது. வரும் வழியெல்லாம் ஊர்ந்த பஸ் வேகமாக ஓடியது அந்த இடத்தில் மட்டும்தான். நல்ல சாலை. நான் வரைந்திருந்தாலும் அப்படித்தான் வரைந்திருப்பேன்.

நாங்கள் போனபோது முதல் ஷிப்ட் தொடங்கி வெகுநேரமாகிவிட்டது. தலைமை நர்ஸ் கேரளக்காரி. அத்தானைப் பார்த்ததும் இந்தியில் சத்தம் போட்டாள்.

"போன செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. இப்போது தாமதம். நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? டாக்டர் மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான்."

அத்தான் குனிந்து செருப்பைச் சரிசெய்தார். முதல் நாள் இரவுதான் அக்கா சொல்லியிருந்தாள், இப்போது வாரம் இரண்டு போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார், உடம்பு தேறி வருகிறது என்று.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். யாராவது வராமல் போனால் மத்தியானம் இடம் தருகிறேன் என்றாள் நர்ஸ். பக்கத்தில் ஒரு குடும்பம் சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"அவகிட்டச் சொல்லாதிய மாப்ளே" என்றார் அத்தான்.

"அத்தான், இது விளையாட்டில்ல."

"விளையாட்டுன்னு யாரு சொன்னா? மூணு நாள்னா கவிதாவுக்கு வாரத்துல மூணு நாள் லேட்டு. ரெண்டு நாள்னா எப்படியோ அவ மேனேஜர் கிட்டச் சொல்லிச் சமாளிச்சுக்கிடுதா. அந்த வேலைக்காவ அவ எம்புட்டுப் படிச்சிருக்கா. எனக்காவ அது போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தாராவியில இருந்தா நானே நடந்து வந்திருப்பேன். யாரும் வேண்டாம்" என்றார்.

மத்தியானம் தாண்டி இடம் கிடைத்தது. முழு நேரம் ஓட்டவில்லை. அடுத்த ஆள் காத்திருந்தார். திரும்பும்போது டாக்ஸி பிடித்தேன். வாரத்துக்கு மூன்று முறை இப்படிப் போய்வர அவர்களால் ஆகாது என்று தெரிந்தேதான் பிடித்தேன். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். பயிலரங்கிற்கு நான் அன்று போகவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். திரையில் வட்டாரம் முழுவதன் வரைபடம். கடற்கழியும் ரயில் பாதைகளும் சேர்ந்து ஒரு பெரிய இலையின் நரம்புகள் போலத் தெரிந்தன. வட்டாரத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் தினம் எத்தனை பேர் எங்கே போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, நிறம் தீட்டியிருந்தார்கள். எங்கே சிவப்போ அங்கே பயணம் அதிகம், அங்கே பஸ்ஸும் மெட்ரோவும் முதலில் வரும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. மதுரைக்கு இப்படி ஒரு படம் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று முதல் நாள்தான் நினைத்திருந்தேன்.

நான் அக்காவின் காலனியைத் தேடினேன். வெளிர் மஞ்சள். பயணம் குறைவான பகுதி.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "அந்த மஞ்சள் பகுதியில் ஒரு காலனி இருக்கிறது மேடம். சாலைத் திட்டத்துக்காக மாற்றப்பட்டவர்கள். அங்கே என் அத்தான் இருக்கிறார். வாரத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், பஸ் இல்லாததால் இரண்டு முறைதான் போகிறார். உங்கள் ஆட்கள் வந்து கேட்டால் இரண்டு என்றுதான் சொல்வார். போகாத அந்தப் பயணம் இந்தப் படத்தில் எங்கே வரும்?"

தேஷ்பாண்டே மேடம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வராது" என்றார்.

தேநீர் இடைவேளையில் அவரே என்னைத் தேடி வந்தார். "சாலையை நாங்கள் போடுகிறோம். வீடு கொடுப்பது இன்னொரு பிரிவு. பஸ்ஸை ஓட்டுவது நகரத்தின் பஸ் நிறுவனம். நஷ்டமாகிற தடத்தை அவர்கள் ஏன் நீட்ட வேண்டும்? ரயில் டில்லியைக் கேட்கும். இவர்கள் எல்லோரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் அறையில், என் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்கிற அதிகாரம் எனக்கு இருக்கிறது. பஸ் கொண்டுவரச் சொல்கிற அதிகாரம் இல்லை." கையிலிருந்த கோப்பையைக் குடிக்காமலே வைத்தார். "அடுத்து எப்போது போகிறார் உங்கள் அத்தான்?"

"நாளைக்கு."

"நானும் வருகிறேன்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். கவிதா இன்னும் வரவில்லை. அக்கா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இனியும் மறைப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். டாக்டர் ரெண்டு நாள் போதும்னு சொல்லல."

அவள் கை நிற்கவில்லை. ஒரு கட்டை முடித்து அடுத்த கட்டைப் பிரித்தாள்.

"தெரியும்ல."

"எப்பம் தெரியும்?"

"அவிய சொன்ன அன்னைக்கே தெரியும். எந்த டாக்டர்ல அப்படிச் சொல்லுவாரு? கால் வீங்குது, ராத்திரி மூச்சு வாங்குது, இந்த லட்சணத்துல ரெண்டு போதும்பாரா?" குரல் உயரவேயில்லை. "நான் நம்பலன்னு காட்டிக்கிட்டா கவிதாவுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா மறுநாளே வேலைய விட்டுட்டு அப்பாகூட நடப்பா. அவியளுக்கு அது தாங்காது. அவிய பொய் சொல்லுதாவ, நான் தலையாட்டுதேன். வேற என்ன செய்யச் சொல்லுத?"

நீங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போய்விடலாமே, திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே என்றேன். அவள் தலையசைத்தாள். "அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அங்க வந்து அவ என்ன வேலைக்குப் போவா?" பிறகு எழுந்துபோய் அத்தானின் போர்வையை இழுத்துவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை விடியுமுன்பே தேஷ்பாண்டே மேடம் சொன்னபடி வந்தார். கார் இல்லை. நவி மும்பையில் நெருளில் வீடாம், ரயிலில் மான்குர்து வந்து, அங்கேயிருந்து ஷேர் ஆட்டோ. அதே கேன்வாஸ் ஷூ, முழங்கால் வரை சேறு. அக்கா அவருக்குத் தேநீரும் தட்டையும் கொடுத்தாள். பம்பாய் இந்தியில் இரண்டு பேரும் சரளமாகப் பேசினார்கள். மேடம் கேட்டதெல்லாம் காலனியில் எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதுதான். பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிடுகிறார்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக விட மனமில்லை என்றாள் அக்கா. மேடம் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று நால்வராகப் போனோம். அந்தச் சனிக்கிழமை மட்டும் கவிதாவுக்குக் காலையில் வேலை இல்லை. வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்றும் இல்லை. மதிலை ஒட்டி நடக்க ஆரம்பித்தோம். அத்தானை ஒரு பக்கம் கவிதாவும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். பாதி வழியில் அவருக்கு முடியவில்லை. மதிலோரம் தண்ணீர்க் குழாய்மேல் உட்கார்ந்தார். டேங்கர் லாரிகள் எங்கள்மீது சேறு அடித்துக்கொண்டு போயின. மேடம் தன் குடையை விரித்து அத்தானின் தலைக்குமேல் பிடித்தார். அவருடைய புடவை நனைந்தது.

"மேடம் கஷ்டப்பட வேண்டாம்" என்றார் அத்தான் இந்தியில். "எனக்கு இது பழக்கம்."

"எனக்குப் பழக்கமில்லை. அதனால்தான் நிற்கிறேன்" என்றார் அவர்.

அன்றைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். எப்படியோ. அத்தானைப் படுக்க வைத்ததும் மேடம் என்னோடு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார். "வாக்குக் கொடுக்க மாட்டேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாக வைக்கிறேன். முதலில் ஒத்திப்போடுவார்கள். அதற்கடுத்த கூட்டத்திலும் வைக்கிறேன்" என்றார். ஒரு பொருளாக வைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்திலும் அதைத்தான் செய்கிறோம். சில சமயம் அது நடந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பினேன். அத்தான் கட்டிலிலிருந்து எழுந்து வாசல்வரை வந்தார். "மாப்ளே, மதுரையில பெரிய ரோடு போட்டா, முன்னால பஸ்ஸ விட்டுட்டுப் போடச் சொல்லுங்க" என்றார், சிரித்துக்கொண்டே. கவிதா தாதர்வரை வந்து ஏற்றிவிட்டாள். ரயில் நகரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கடைசியில் ஜன்னலருகே வந்து, "மாமா, டாக்டர் ரெண்டு நாள் போதும்னு சொல்லலன்னு எனக்குத் தெரியும். அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்றாள். ரயில் கிளம்பிவிட்டது. தானே ஸ்டேஷனைத் தாண்டும்வரை நான் இருக்கையில் உட்காரவில்லை.

மதுரையில் பயிலரங்கைப் பற்றி அறிக்கை கொடுத்தேன். வட்டார ஆணையம் அவசியம் என்று எழுதினேன். அதற்குக் கூட்டம் கூட்டும் அதிகாரம் மட்டும் போதாது, பஸ்ஸுக்குப் பணமும் அதன் கையில் இருக்க வேண்டும் என்றும் எழுதினேன். மேலதிகாரி இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். அதை எடுக்காமல் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.

ஆவணி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை அத்தானுக்கு மூச்சுத் திணறல் வந்தது. கவிதா வேலையிலிருந்து வந்து, ஆம்புலன்ஸ் வந்து, தண்ணீர் தேங்கிய சாலையில் செம்பூரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உடல் வீட்டில் இருந்தது. தாராவியிலிருந்து பட்டறைக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வரும் வழியெல்லாம் பட்ட பாட்டை அவர்கள் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மாதம் தேஷ்பாண்டே மேடத்திடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. பஸ் நிறுவனம் தடத்தை நீட்டிவிட்டது. காலனியிலிருந்து செம்பூர் வழியாக நேரே ஆஸ்பத்திரி வாசல்வரை. சின்ன பஸ், ஆனால் அடிக்கடி. கூட்டத்தில் மூன்று முறை வைத்ததாகவும், கடைசியில் மாற்றுக் குடியிருப்புக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சமிருந்ததைக் கொடுத்து முடித்ததாகவும் எழுதியிருந்தார். "உங்கள் அத்தானிடம் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார். நான் நன்றி என்று மட்டும் பதில் போட்டேன். நல்லது செய்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள்.

"பஸ் வந்துட்டுல. காலனி கேட்டுக்குள்ளயே வந்து நிக்கி. நேத்து நான் ஏறினேன்."

"எங்க போனே?"

"எங்கயும் இல்ல. கண்டக்டர் எங்க போணும்னு கேட்டான். வாயில ஆஸ்பத்திரின்னு வந்துட்டு. சரின்னு உக்காந்துட்டேன். அங்க எறங்கி என்ன செய்ய? கேட்டுல கொஞ்ச நேரம் நின்னேன். அந்த நர்சம்மா வெளிய வந்தா, என்னைப் பாத்துக் கையப் பிடிச்சிக்கிட்டா. பெறவு அதே பஸ் திரும்பி வந்துது, ஏறி வந்துட்டேன்."

போனில் பின்னால் பிரஷர் குக்கர் கூவியது. அவள் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

"நல்லாத்தான் விட்டிருக்கான்" என்றாள். "கூட்டமே இல்ல. படி தரையோட தாழ்வா இருக்கு. யாரும் பிடிக்க வேண்டாம், அவியளே ஏறிருவாவ."